பேரீச்சம்பழத்தின் வைத்திய குணமும் ஆகாரப் பயனும்

(கிராம ஆரோக்கியத்தைக் குறித்த ஒரு பிரசங்கத்தின் வாசகம்)

தமிழ்நாட்டுக் கிராமத் தெருக்களில் பழைய இரும்பு வாங்குகிறவன் கூவிக்கொண்டு வருவது நெடுங்கால வழக்கம். உடைந்த கொழு, துருப்பிடித்த ஆணி, ஓட்டை வாளி முதலியவற்றைக் கொடுத்தால், அதற்கு ஈடாக அவன் பேரீச்சம்பழம் நிறுத்துக் கொடுப்பான். குழந்தைகள் அவன் குரல் கேட்டதும் வீட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் இரும்பு தேடுவார்கள். கடல் கடந்து வந்த ஒரு கனி, காசில்லாத குடிசைக்குள்ளும் நுழைந்தது இவ்வாறே.

இந்தப் பண்டமாற்றிலிருந்து ஜனங்களிடையே ஓர் எண்ணமும் ஊறிப்போயிருக்கிறது. இரும்பைக் கொடுத்து வாங்கிய பழத்தில் இரும்பு நிறைய இருக்கும், அதைத் தின்றால் இரத்தம் பெருகும், சோகை நீங்கும் என்பதே அது. இந்த எண்ணத்தில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பகுத்தறிவது அவசியம். ஏனெனில், இதை முழுதும் நம்பிய கர்ப்பிணிகள் சிலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையை மாடத்தில் வைத்துவிட்டு, நாளொன்றுக்கு நாலு பழம் தின்று திருப்தியடைகிறார்கள். அதனால் விளையும் கேடு சிறிதன்று.

மரமும் அதன் தேசமும்

'ஈச்சு' என்பது தமிழர்கள் நன்கறிந்த மரவகை. தரிசிலும் ஆற்றோரத்திலும் வளரும் ஈச்ச மரத்தின் சிறு பழங்களைச் சிறுவர்கள் பறித்துத் தின்பதுண்டு. அவ்வினத்திலேயே கனி பெரிதாயுள்ளதைப் 'பேரீச்சு' என்று முன்னோர் பொருத்தமாய்ப் பெயரிட்டனர். எனினும் இரண்டும் ஒரே மரமல்ல. பேரீச்சின் தேசம் பாரசீக வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகளும் வட ஆப்பிரிக்காவுமாகும். வேர் நீரிலும் தலை நெருப்பிலும் இருக்கவேண்டும் என்று அரபு நாட்டார் அம்மரத்தைப் பற்றிச் சொல்லுவார்கள். அடியில் நீர்வளமும், மேலே கடும் வெயிலும், பழுக்கும் காலத்தில் மழையின்மையும் ஒருங்கே வேண்டியிருப்பதால், எல்லாத் தேசங்களிலும் அது நன்கு பழுப்பதில்லை.

இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் மரமே காய்க்கும். காற்று செய்யும் வேலையை மட்டும் நம்பியிருந்தால் விளைவு குறையுமென்று கண்ட குடியானவர்கள், ஆண் பூக்குலையை அரிந்துவந்து பெண் பூக்குலைகளின் நடுவே கையால் செருகும் முறையைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கைக்கொண்டனர். இதனால் ஏறக்குறைய 50 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதுமானதாகிறது. கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் அரசன் வெளியிட்ட சட்டத்தில், பிறர் தோப்பில் மரத்தை வெட்டினவனுக்கு அரை மினா வெள்ளி அபராதமென்றும், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவன் விளைவில் இன்ன பங்கு செலுத்த வேண்டுமென்றும் விதிகள் காணப்படுகின்றன. அந்நாட்டின் ஜீவனம் அம்மரத்தை எவ்வளவு சார்ந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஈராக் தேசத்துப் பஸ்ரா நகரத்தை அடுத்த ஷத்துல் அரபு என்னும் ஆற்றங்கரைத் தோப்புகள் ஒரு காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றவை. கடலின் ஏற்றத்தால் ஆற்று நீர் நாளுக்கு இருமுறை வாய்க்கால்களில் ஏறித் தோப்புகளுக்குத் தானாகவே பாய்ந்தது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் - ஈராக் யுத்தத்தில் அத்தோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. இக்காலத்தில் எகிப்து, ஸௌதி அரேபியா, அல்ஜீரியா, ஈரான் முதலிய நாடுகளே அதிகமாய் விளைவிக்கின்றன. இந்தியாவில் குஜராத்தின் கச்சுப் பிரதேசத்தில் இது நெடுங்காலமாய்ப் பயிராகிறது. ஆனால் அங்கே பழம் முழுதும் கனியுமுன் பருவமழை வந்துவிடுவதால், மஞ்சளாகவோ சிவப்பாகவோ செங்காயாக இருக்கும்போதே பறித்து உண்கிறார்கள். தமிழ்நாட்டிலும் தர்மபுரி ஜில்லாவில் சில குடியானவர்கள் பர்ஹி என்னும் ரகத்தை வளர்த்துச் செங்காயாகவே விற்கின்றனர்.

அரபியர் இக்காயின் வளர்ச்சியைப் பல பருவங்களாகப் பிரிப்பர். பச்சைக் காய் 'கிம்ரி' எனவும், நிறம் பெற்ற செங்காய் 'கலால்' எனவும், குழைந்து நீருள்ள பழம் 'ருதப்' எனவும், மரத்திலேயே வற்றிச் சுருங்கியது 'தம்ர்' எனவும் வழங்கும். இந்நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தம்ர் என்னும் கடைசிப் பருவத்ததே. நாட்டு மருந்துக் கடைகளில் பேரீச்சங்காய் என்ற பெயரில் விற்கப்படுவது, இன்னும் வற்றிக் கெட்டியான உலர்ந்த காய்.

வைத்திய நூல்களின் கொள்கை

ஆயுர்வேதத்தில் இதற்கு 'கர்ஜூரம்' என்று பெயர். சரக சம்ஹிதையில், உடலின் களைப்பை நீக்கும் பத்துப் பொருள்களுள் திராக்ஷை, மாதுளை, கரும்பு முதலியவற்றோடு இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இனிப்புச் சுவையும், குளிர்ந்த வீரியமும், நெய்ப்பும் உடையது என்றும், வாத பித்தங்களைத் தணிப்பது, தாகத்தையும் எரிவையும் ஆற்றுவது, இளைத்த உடலைத் தேற்றுவது என்றும் வைத்தியர்கள் கூறுவர். ஆயினும் 'குரு', அதாவது எளிதில் செரிக்காதது, என்றும் அவர்களே எச்சரித்திருக்கின்றனர். சார்ங்கதரர் நூலில், மதுபானத்தால் உண்டான கேட்டுக்குப் பேரீச்சு, மாதுளை, திராக்ஷை, புளி, நெல்லி முதலியவற்றைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொடுக்கும் ஒரு பானம் சொல்லப்படுகிறது.

யூனானி வைத்தியர்களின் கொள்கை வேறு. அவர்கள் பேரீச்சம்பழத்தை உஷ்ணமும் ஈரமும் உள்ளதென்று வகுத்து, பலம் தரும் ஆகாரமாகக் கொள்கின்றனர். அரபு நாட்டில் அதை வெள்ளரிக்காயோடு சேர்த்துண்ணும் வழக்கம் உண்டு. பழத்தின் சூட்டை வெள்ளரியின் குளிர்ச்சி தணிக்கும் என்பது கருத்து. ஒரு சாஸ்திரம் குளிர்ச்சி என்பதை மற்றொரு சாஸ்திரம் சூடு என்பதைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. அவை வெவ்வேறு அளவுகோல்கள். களைத்தவனுக்கும் இளைத்தவனுக்கும் இது நல்ல ஆகாரம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். கவனிக்கத் தக்கது அதுவே.

முஸ்லிம் மக்கள் ரம்ஜான் மாதத்தில் பகல் முழுவதும் நீரும் அருந்தாமல் நோன்பிருந்து, அஸ்தமனத்தில் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறப்பது யாவரும் அறிந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு முன்னே பழம் கைக்குக் கை வழங்கப்படும். பழனி மலையின் பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன் இவற்றோடு பேரீச்சம்பழம் சேருகிறது. இவ்வாறு வெளிநாட்டுக் கனியாயினும் இந்நாட்டின் இரு சமயத்தார் வழிபாட்டிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

பழத்தில் உள்ளது என்ன?

இரஸாயன பரீக்ஷையில் கண்டபடி, கொட்டை நீக்கிய 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 280 கலோரி உஷ்ண சக்தி இருக்கிறது. அதில் 63 முதல் 66 கிராம் வரை சர்க்கரை, 7 அல்லது 8 கிராம் நார்ப் பொருள், சுமார் 2 கிராம் புரதம் உள்ளன. கொழுப்பு அரை கிராமுக்கும் குறைவு. தாது உப்புகளில் பொட்டாசியம் மட்டும் 650 மில்லிகிராமுக்கு மேற்பட்டிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து 40 முதல் 65 மில்லிகிராம் வரையில் உண்டு. வைட்டமின் 'சி' அனேகமாய் இல்லை என்றே சொல்லலாம்.

இக்கணக்கிலிருந்து பழத்தின் பலமும் பலவீனமும் தெளிவாகும். பெரும்பாலான மென்மையான ரகங்களில் சர்க்கரை எளிதாக இரத்தத்தில் கலக்கும் வடிவில் இருக்கிறது. ஆதலால் ஏர் உழுது களைத்தவனுக்கும், நோன்பு திறப்பவனுக்கும், ஜுரத்திலிருந்து எழுந்தவனுக்கும் இது விரைவில் தெம்பு தருகிறது. களைப்பை நீக்கும் பொருள் என்று பண்டைய வைத்தியர் வகுத்தது அனுபவத்தால் வந்த உண்மை. நார்ப் பொருள் மிகுந்திருப்பதால் மலச்சிக்கலுக்கும் நல்லது. இரவில் நாலைந்து பழங்களைக் கழுவிச் சுத்தமான நீரில் ஊறவைத்து, காலையில் பழத்தையும் நீரையும் சேர்த்து உட்கொள்ளும் வழக்கம் பயனுள்ளதே.

ஆனால் புரதம் சொற்பம். வைட்டமின் 'சி' இன்மையால் கீரைக்கும் நெல்லிக்கனிக்கும் இது ஈடாகாது. சுண்ணாம்புச் சத்தை நாடுபவர் கேழ்வரகைக் கைவிடலாகாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் அச்சத்து இருக்கிறது. ஆகவே பேரீச்சம்பழத்தைத் தனித்து உண்பதைவிட, பாலோடும் வேர்க்கடலையோடும் எள்ளோடும் சேர்த்து உண்பதே அறிவுடைமை. வறுத்த எள்ளையும் வேர்க்கடலையையும் இடித்து, கொட்டை நீக்கிய பழத்தோடு பிசைந்து உருண்டையாகப் பிடித்தால், வெல்லமில்லாமலே குழந்தைகளுக்கு நல்ல பலகாரமாகும். கேழ்வரகுக் கஞ்சிக்கு இனிப்பாக இரண்டு பழத்தை மசித்துச் சேர்ப்பதும் நன்று.

இரும்பின் கணக்கு

இனி, முதலில் குறித்த விஷயத்துக்கு வரலாம். மேற்கண்ட 100 கிராம் பழத்தில் அயச்சத்து ஏறக்குறைய 1 மில்லிகிராமே. இந்திய உணவுப் பட்டியல்கள் சிலவற்றில் உலர்ந்த காய்க்கு இதைக்காட்டிலும் அதிகமாய், 7 மில்லிகிராம் வரையில், காணப்படுகிறது. நீர் வற்றுவதாலும், ரகத்தாலும், மண்ணாலும் இவ்வேறுபாடு உண்டாகலாம். கருவுறாத, வயது வந்த ஒரு ஸ்திரீக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் அயச்சத்து ஆகாரத்தில் இருக்கவேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் நிர்ணயித்தது. இதை 1 மில்லிகிராம் கணக்கில் பேரீச்சம்பழத்தாலேயே பெறுவதானால் தினம் 3 கிலோ அளவு தின்ன வேண்டும். அதில் 8,000 கலோரிக்கு மேல் உஷ்ண சக்தி அடங்கியிருக்கும். எந்த வயிறும் அதைத் தாங்காது. சாதாரணமாய் உண்ணும் ஐந்து சிறு பழங்களில், மிக உயர்ந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், 3 மில்லிகிராமுக்கு மேற்படாது. அதிலும் தாவர ஆகாரத்திலுள்ள அயச்சத்தில் சிறு பகுதியைத்தான் குடல் ஏற்றுக்கொள்ளும்.

சோகை இந்நாட்டில் அற்பமான நோயன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை கண்டிருந்தது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகையென்றும், 7 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான சோகையென்றும் கொள்ளப்படும். அந்நிலையில் பிரசவத்தில் சிறிது இரத்தம் அதிகமாய்ப் போனாலும் தாயின் உயிருக்கே ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதும், கண்ணிமையின் உட்புறமும் நகமும் வெளுத்திருப்பதும், எந்நேரமும் அயர்ச்சியாயிருப்பதும் அதன் அறிகுறிகள்.

இதற்காகவே 2018-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, கர்ப்பிணிகளுக்கு நாலாம் மாதம் முதல் 180 நாளும், பிரசவத்திற்குப் பின் 180 நாளும் நாள்தோறும் ஒரு சிவப்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் அயச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. முன்சொன்ன 1 மில்லிகிராம் கணக்கின்படி, ஒரு மாத்திரையிலுள்ள அயச்சத்து 6 கிலோ பழத்திலுள்ளதற்குச் சமம்.

மாத்திரையை ஸ்திரீகள் நிறுத்திவிடுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. சிலருக்குக் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் உண்டாகிறது. மலம் கறுப்பது தீங்கல்ல. குமட்டல் உள்ளவர்கள் ஆகாரத்துக்குப் பின் இரவில் உட்கொண்டால் தணியும். மலச்சிக்கலுக்கோ, ஊறவைத்த பேரீச்சம்பழமே கைகண்ட உதவி. மாத்திரைக்குப் பதிலாகப் பழம் என்பது தவறு. மாத்திரையோடு பழமும் என்பதே சரியான வழி. ஆனால் மாத்திரையோடு காப்பியோ தேநீரோ அருந்தலாகாது. அவை அயச்சத்தைக் குடல் ஏற்காதபடி தடுக்கின்றன. எலுமிச்சை, நெல்லி முதலிய புளிப்புக் கனிகள் அதற்கு மாறாக உதவி செய்யும்.

அன்றியும், கிராமங்களில் சோகைக்குக் கொக்கிப் புழு ஒரு பெருங்காரணம். அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் பாதத்தின் தோல் வழியே அது புகுந்து குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். புழுவை வயிற்றில் வைத்துக்கொண்டு எத்தனை பழம் தின்றாலும் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுபோலாகும். கக்கூஸ் கட்டி உபயோகிப்பதும், காலுக்குச் செருப்பு அணிவதும், டாக்டர் சொற்படி பூச்சி மருந்து உட்கொள்வதும் இரத்தம் ஊறுவதற்கான வழிகளே.

பிரசவத்தில் பயன்

பிரசவ காலத்தில் பேரீச்சம்பழம் நல்லதென்னும் நம்பிக்கை அரபு நாடுகளில் மிகப் பழமையானது. மரியம் அம்மையார் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் இருந்து அதன் கனியை உண்ட வரலாறு குர்ஆனில் கூறப்படுகிறது. இந்நம்பிக்கையை ஜோர்டான் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்து 2011-இல் வெளியிட்டனர். பிரசவத்துக்குக் குறித்த நாளுக்கு முந்திய நாலு வாரம் தினம் ஆறு பழம் உண்ட 69 ஸ்திரீகளில் நூற்றுக்கு 96 பேருக்கு வலி தானாகவே ஏற்பட்டது. உண்ணாத 45 ஸ்திரீகளில் அது நூற்றுக்கு 79. வலியின் முதற்கட்டமும் உண்டவர்களுக்குக் குறைவாயிருந்தது. சோதனை சிறிது. இருவகையாரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுமில்லை. ஆதலால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. எனினும் நீரிழிவு இல்லாத கர்ப்பிணி கடைசி மாதத்தில் தினம் சில பழம் உண்பதில் தவறில்லை. அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் தவறு.

ஜாக்கிரதையாயிருக்க வேண்டியவர்கள்

நீரிழிவுக்காரர்கள் இப்பழத்தைத் தின்னலாமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஐக்கிய அரபு நாடுகளில் ஐந்து ரகங்களைச் சோதித்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், அதன் சர்க்கரைக் குறியீடு ஆரோக்கியமுள்ளவர்களிடம் 46 முதல் 55 வரையிலும், நீரிழிவு உள்ளவர்களிடம் 43 முதல் 53 வரையிலும் இருக்கக் கண்டனர். இது மிதமான அளவே. ஆனால் பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்பதை மறக்கலாகாது. சிறு பழம் 7 கிராம் இருக்க, பெரிய மெஜூல் ரகத்துப் பழம் ஒன்றே 24 கிராம் இருக்கும். ஆகையால் 'இயற்கை இனிப்பு' என்று கைநிறைய எடுத்துத் தின்னாமல், டாக்டரைக் கலந்து, ஒன்றிரண்டோடு, அதுவும் மற்ற மாவு ஆகாரத்தைக் குறைத்துக்கொண்டு உண்பதே தகும். மூத்திரக் கோச வியாதியால் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி சொல்லப்பட்டவர்கள் டாக்டரின் உத்தரவின்றி இதைத் தொடலாகாது.

குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிறைந்த பின், கொட்டையும் தோலும் நீக்கிக் குழைய மசித்துச் சிறிதளவு கொடுக்கலாம். முழுப் பழமாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தேனில் ஊறிய பழத்தை ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒருவகைக் கிருமி வித்து, அச்சிறு குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். பழம் பல்லில் ஒட்டிக்கொள்வதால் தின்றபின் வாய் கொப்பளிக்கக் குழந்தைகளுக்குப் பழக்க வேண்டும்.

கடையில் திறந்து குவித்திருக்கும் பழத்தில் ஈயும் புழுதியும் சேரும். வாங்கியதும் ஒன்றைப் பிளந்து, உள்ளே புழுவோ பூசணமோ புளித்த வாடையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மினுமினுப்புக்காகச் சர்க்கரைப் பாகு பூசியதை விலக்குவது நலம். உண்ணுமுன் வெந்நீரில் கழுவி, ஈரம்போகத் துடைத்து, மூடியுள்ள ஜாடியில் வைத்தால் எறும்பும் வண்டும் அணுகா.

முடிவு

ஏழைக் குடும்பம் ஒன்று தன் சொற்பப் பணத்தை எதில் செலவிட வேண்டும் என்பதே இவ்விஷயத்தில் கடைசிக் கேள்வி. கொல்லையில் ஒரு முருங்கை மரம் நட்டால் காசில்லாமல் கீரை கிடைக்கும். கேழ்வரகும் எள்ளும் இந்நாட்டு நிலத்திலேயே விளைகின்றன. இவை அன்றாட ஆகாரமாகவும், பேரீச்சம்பழம் அதற்குத் துணையாகவும் இருப்பதே முறை. பழம் வாங்க முடியாத வீட்டில் தாய்க்கு ஆரோக்கியம் வராது என்பதில்லை. பழம் வாங்கிய வீட்டில் சோகை தானே போய்விடும் என்பதுமில்லை.

களைத்தவனுக்குத் தெம்பாகவும், நோன்பாளிக்கு முதற்கவளமாகவும், மலச்சிக்கலுக்கு எளிய மருந்தாகவும் பேரீச்சம்பழம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்களுக்கு உதவி வந்திருக்கிறது. செய்யக்கூடிய இவ்வுதவியை அதனிடம் பெற்றுக்கொண்டு, செய்ய இயலாததை அதனிடம் எதிர்பாராமலிருப்பதே அறிவு. பழைய இரும்பைக் கொடுத்துப் பழம் வாங்கிய வீட்டுப் பெண், மாடத்தில் வைத்த சிவப்பு மாத்திரையையும் மறவாமல் எடுத்து உட்கொள்வாளாயின், அவள் பெறும் குழந்தையும் அவளும் சுகமாய் வாழ்வார்கள்.